கொம்பிரசர் காற்றில் தண்ணீர்: திருகோணமலையில் புதிதாகப் பட்டறை போடுகிறவர்களுக்கு

கராஜ், பெயின்ட் அடிக்கும் கொட்டில், பைபர் படகு திருத்தும் இடம், அரிசி ஆலை, எதைத் தொடங்கினாலும் முதலில் வாங்கும் சாமான்களில் கொம்பிரசரும் ஒன்று. வாங்கும்போது குதிரைவலு எத்தனை, தாங்கி எத்தனை லீற்றர் என்று கேட்கிறோம். அதிலிருந்து வரும் காற்று எவ்வளவு காய்ந்தது, எவ்வளவு சுத்தம் என்று கேட்கிறவர்கள் அரிது. பிறகு ஒரு நாள் ஸ்பிரே கன் தண்ணீர் துப்பும். ஹார்ட்வெயார் கடைக்கு ஓடிப்போய் ஒரு பில்டரை வாங்கிவந்து தாங்கியின் வாயிலேயே பூட்டுவோம். கன் பழையபடி துப்பும். பில்டர் போலிச் சாமான் என்று கடைக்காரரோடு வாய்த்தர்க்கம் நடக்கும்.

பெரும்பாலும் பில்டரில் பிழை இருப்பதில்லை. பூட்டின இடந்தான் பிழை.

தண்ணீர் எப்படி உள்ளே வருகிறது

30 பாகை செல்சியஸில் ஒரு கனமீற்றர் காற்று ஆகக்கூடியது 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதன் 80 சதவீதம் என்றால் அதில் 24 கிராம் இருக்கிறது. இது மார்கழி மழைக்கால வில்லங்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில், 34 பாகை வெயிலும் 55 சதவீத ஈரப்பதனும் இருக்கும் நாளிலும், அதே கனமீற்றரில் 20 கிராம் இருக்கும். உதடு வெடிக்கிற அந்தக் காற்றும் கொம்பிரசருக்கு ஈரக்காற்றுத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3 குதிரைவலு பிஸ்டன் கொம்பிரசர் ஒன்று நிமிடத்துக்கு 300 லீற்றர் காற்றை இழுக்கிறது என்று வையுங்கள். நாளொன்றுக்கு எல்லாமாக 4 மணித்தியாலம் ஓடினால் 72 கனமீற்றர். கனமீற்றருக்கு 24 கிராம்படி ஒன்றேமுக்கால் லீற்றர் தண்ணீர் ஆவியாக உள்ளே போகிறது. 7 பார், அதாவது ஏறக்குறைய 100 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அந்தக் காற்று எட்டில் ஒரு பங்கு இடத்துக்குள் அடங்கிவிடும். கூடவே வந்த தண்ணீர் மட்டும் குறைவதில்லை. ஈரத்துணியைப் பிழிந்ததுபோல அது வெளியே வந்துதான் ஆகவேண்டும்.

எங்கே வெளியே வரும் என்பது சூட்டைப் பொறுத்தது. அழுத்தும்போது காற்று கடுமையாகச் சூடேறும். பிஸ்டன் கொம்பிரசரின் தலையிலிருந்து தாங்கிக்கு வரும் சின்னக் குழாயில் கை வைத்தால் தோல் போய்விடும். தாங்கிக்குள் காற்று 50 பாகையில் நிற்கிறது என்றால், நாம் கணக்கிட்ட ஒன்றேமுக்கால் லீற்றரில் 800 மில்லிலீற்றர் அளவு இன்னும் ஆவியாகவே இருக்கும். அதே காற்று 30 பாகைக்கு ஆறினால் 275 மில்லிலீற்றர் மட்டுமே ஆவியாக நிற்க முடியும். நடுவிலுள்ள அரை லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீர் உங்கள் குழாயிலும், ஹோஸிலும், கடைசியில் கன்னின் வாயிலும் விழுகிறது.

பில்டர் துளியைப் பிடிக்கும். ஆவியைப் பிடிக்காது. அதன் துளை 5 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றாலும் 0.01 மைக்ரோன் என்றாலும் இதில் மாற்றமில்லை. சூடான தாங்கிக்குப் பக்கத்தில் பூட்டிய பில்டருக்குள்ளால் அந்த 800 மில்லிலீற்றரும் விசாரணை இல்லாமல் கடந்துபோய், அப்பால் ஆறி, அதில் பெரும்பகுதி அங்கே தண்ணீராகும். ஆகவே ஒழுங்கு இதுதான்: முதலில் ஆறவிட வேண்டும், பிறகு பிடிக்க வேண்டும்.

1. கொம்பிரசருக்கு இடம் பார்த்தல்

தகரக் கூரைக்குக் கீழே, மேற்குச் சுவர் ஓரமாக, மூலைக்குள் தள்ளி வைப்பதுதான் வழக்கம். சத்தம் கேட்காமல் இருக்க அடைத்தும் விடுவார்கள். பின்னேர வெயிலும் கச்சானும் ஒன்றாகத் தாக்குகிற இடம் அது. அடைத்த அறைக்குள் கொம்பிரசர் தன் சூட்டையே திரும்பக் குடிக்கும். இரண்டு சுவரிலாவது திறப்பு வையுங்கள். சுவருக்கும் கொம்பிரசரின் விசிறிப் பக்கத்துக்கும் இடையில் ஒரு முழமாவது இடைவெளி விடுங்கள்.

காற்று உள்ளே இழுக்கும் வாய் கடலைப் பார்த்து இருக்கக் கூடாது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கரைக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, தகரம் எத்தனை வருடம் தாங்குகிறது என்று அவர்களுக்குத் தெரியும். ஐப்பசி தொடக்கம் தை வரை வாடைக்காற்று மழையைப் பக்கவாட்டில் கொண்டுவந்து அடிக்கும் என்பதால் மேலே ஒரு சிறு மறைப்பும் வேண்டும். ஜெனரேட்டர் புகைக்குழாய், பெயின்ட் அடிக்கும் இடம், புட்டி தேய்க்கும் இடம் இவற்றுக்குப் பக்கத்திலும் வேண்டாம். தின்னர் வாசம் உள்ளே போனால் அது மறுபக்கம் அப்படியே வரும். அதைத் தடுக்கக் கடதாசிப் பில்டரால் ஆகாது.

அளவையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். பெயின்ட் அடிக்கும் கன்கள் பலவும் நிமிடத்துக்கு 300 லீற்றருக்கு மேல் கேட்கும். சின்னக் கொம்பிரசரை வாங்கி ஓயாமல் ஓடவிட்டால் அது ஆறவே நேரம் கிடைக்காது. சூடு கூடினால் தண்ணீரும் எண்ணெயும் கூடவே வரும். தண்ணீர்ப் பிரச்சினை என்று நினைத்து வருகிறவர்களில் பாதிப்பேருக்கு உண்மையில் இருப்பது கொம்பிரசர் போதாத பிரச்சினை என்பது என் எண்ணம்.

2. ஆறவிடுதல்

பெரிய ஸ்க்ரூ கொம்பிரசர்களில் காற்றை ஆறவைக்கும் ரேடியேட்டர் உள்ளேயே வரும். சின்ன பிஸ்டன் கொம்பிரசரில் பொதுவாக இல்லை. ஆனால் செலவு குறைந்த வழி ஒன்று இருக்கிறது. தாங்கியிலிருந்து வெளியே வரும் குழாயை நேரே கன்னுக்குக் கொண்டுபோகாமல், நிழலான சுவரொன்றில் மேலும் கீழுமாக நான்கைந்து தரம் வளைத்து ஓடவிடுங்கள். மொத்தம் 10 முதல் 15 மீற்றர் உலோகக் குழாய் போதும். செம்பு நல்லது, ஜீஐ (நாகம் பூசிய இரும்பு) குழாயும் வேலை செய்யும். ஒவ்வொரு கீழ் வளைவிலும் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, அதற்குக் கீழே ஒரு சாண் நீளக் குழாய் விட்டு, முனையில் ஒரு வால்வு. தண்ணீர் அங்கே தங்கும், காற்று மேலே போய்விடும். வெயில் படாத சுவர் என்றால் மறுமுனையில் காற்று சுற்றாடல் வெப்பத்துக்கு அண்மையில் வந்துவிடும். முடிவில் கையை வைத்துப் பாருங்கள்: சூடு தெரிந்தால் நீளம் போதாது.

தலைக்கும் தாங்கிக்கும் இடையிலுள்ள குழாயைக் கழற்றி, பழைய வாகனத்து ரேடியேட்டரைப் பூட்டுகிறவர்களும் உண்டு. வேலை தெரிந்த பாஸ் ஒருவர் செய்தால் பலன் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இடத்தில் வெப்பமும் அழுத்தமும் ஆகக்கூடிய நிலையில் இருக்கும். காற்றைத் திரும்ப விடாத வால்வு இருக்கும் இடமும் அதுதான். புதியவர்கள் அதில் கைவைக்காமல், தாங்கிக்குப் பிறகு வருவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

3. குழாய் இழுத்தல்

பிவிசி வேண்டாம். மலிவு, இலேசு, ஒட்டுவது சுகம் என்பதெல்லாம் உண்மை. தண்ணீர்க் குழாயில் 10 பார் என்று அடித்திருப்பதும் உண்மை. அந்த இலக்கம் குளிர்ந்த தண்ணீருக்கு உரியது. சூடேற ஏறப் பிவிசியின் வலு குறையும். காற்று அடைத்த பிவிசி உடையும்போது வெடித்து, கூரான துண்டுகளாகச் சிதறும். தண்ணீர் நிரம்பிய குழாய் வெடித்தால் நனைவோம், காற்று நிரம்பியது வெடித்தால் கண் போகும்.

ஜீஐ குழாய் ஊரெல்லாம் கிடைக்கும். உள்ளே நாளடைவில் துரு பிடிக்கும் என்பதுதான் அதன் குறை, எனவே கன்னுக்கு முன்னால் பில்டர் கட்டாயம். கையில் காசிருந்தால் அலுமினியக் குழாயோ செம்போ போடலாம். சின்னப் பட்டறைக்கு முக்கால் அங்குலக் குழாய் போதும். மேலே ஓடும் பிரதான குழாயை மட்டமாகப் பிடிக்காமல், கொம்பிரசரிலிருந்து விலகிப் போகப் போகச் சரிவாக விடுங்கள்: 10 மீற்றருக்கு 10 சென்ரிமீற்றர். கடைசி முனையில் ஒரு வடிகால் வால்வு.

இறக்கக் குழாய் எடுக்கும்போது பலர் விடும் தவறு, பிரதான குழாயின் வயிற்றிலிருந்தே கீழே எடுப்பது. குழாயின் அடியில் ஓடுவது தண்ணீர் அல்லவா? அது நேரே உங்கள் கையிலுள்ள கன்னுக்கு இறங்கும். டீயின் வாய் மேலே பார்க்கட்டும். அதிலிருந்து வளைத்துக் கீழே கொண்டுவாருங்கள். இறங்கி வந்த குழாயும் கன்னுக்குப் போகும் கிளையோடு முடியக் கூடாது. கிளைக்குக் கீழே ஒரு சாண் நீண்டு, வடிகால் வால்வோடு முடிய வேண்டும்.

ஒழுக்கு இருக்கிறதா என்று சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பாருங்கள். 7 பாரில் 3 மில்லிமீற்றர் ஓட்டை ஒன்று நிமிடத்துக்கு 600 லீற்றருக்கு மேல் விடும். அதாவது நாம் மேலே சொன்ன கொம்பிரசர் இரண்டை அந்த ஓட்டை ஒன்றே விழுங்கிவிடும்.

4. பில்டர் வரிசை

இப்போதுதான் பில்டருக்கு வேலை. ஆறிய காற்று வந்து சேரும் முனையில், வேலை செய்யும் இடத்துக்குக் கிட்ட, கண்ணுக்கு நேரான உயரத்தில் பூட்டுங்கள். உயரத்தில் பூட்டினால் கிண்ணம் நிரம்பியதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

முதலில் தண்ணீர் பிரிப்பான், ஊரில் வோட்டர் ட்ரப் என்று கேட்டால் கொடுப்பது. காற்றைச் சுழற்றித் துளிகளைச் சுவரில் அடித்து இறக்கிவிடும். அதற்குப் பிறகு 5 மைக்ரோன் பில்டர், துருவையும் தூசையும் பிடிக்க. டயருக்குக் காற்று அடிப்பது, நட் கழற்றும் கன், தூசு ஊதுவது என்றால் இத்தோடு போதும். பெயின்ட், ஜெல்கோட் (பைபர் படகின் வெளிப்பூச்சு), பவுடர் கோட்டிங் என்றால் 1 மைக்ரோனும் அதற்கு அடுத்து 0.01 மைக்ரோனும் வேண்டும். இந்த மெல்லிய பில்டர்கள் எண்ணெய்ப் புகையின் நுண்துளிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பெரிய துளியாக்கி வடிய விடுபவை. நேரடியாக 0.01 பூட்டினால் சில கிழமைகளில் அடைத்துவிடும், எனவே முன்னால் காவல் நிற்கக் கரடான பில்டர் கட்டாயம். எண்ணெயின் வாசனையும் போகவேண்டும் என்றால் கடைசியில் கரிப் பில்டர். அது ஈரம் பட்டால் கெட்டுவிடும், நிறைந்துவிட்டதா என்று பார்த்து அறியவும் முடியாது. தேவையில்லாமல் அதற்குக் காசு கொட்ட வேண்டாம்.

அழுத்தத்தை வேண்டிய அளவுக்குக் குறைத்து வைக்கும் ரெகுலேட்டர் இவற்றுக்குப் பிறகு வரும். வாங்கும்போது வாயின் அளவை மட்டும் பார்க்காமல், நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் விடும் என்பதையும் பாருங்கள். அந்த இலக்கம் பொதுவாக 7 பாருக்குக் கொடுத்தது, குறைந்த அழுத்தத்தில் அந்தளவு போகாது.

பில்டர், ரெகுலேட்டர், எண்ணெய்க் கிண்ணம் மூன்றும் சேர்ந்த செட் ஒன்று எல்லாக் கடையிலும் தொங்கும். மூன்றாவது கிண்ணம் கருவிகளுக்கு எண்ணெய் ஊட்டுவதற்கானது. அது பூட்டிய லைனில் ஒருநாளும் பெயின்ட் அடிக்க முடியாது. அந்த லைனில் பாவித்த ஹோஸின் உட்சுவரிலும் எண்ணெய் ஊறியிருக்கும். பெயின்டுக்கு என்று ஒரு ஹோஸை ஒதுக்கி, முனையில் நிற டேப் சுற்றி, வேறு யாரும் தொடாமல் மாட்டிவையுங்கள்.

தெளிவான பிளாஸ்டிக் கிண்ணத்தைத் தின்னரால் கழுவினால் மயிரிழை போல வெடிப்பு விடும். அழுத்தத்தில் ஒருநாள் அது தெறிக்கும். சவர்க்காரமும் தண்ணீரும் போதும். தின்னர் புழங்கும் இடத்துக்கு இரும்பு உறை போட்டதோ உலோகக் கிண்ணமோ வாங்குவது புத்தி. எதைக் கழற்றுவதற்கு முன்னும் லைனில் காற்று இறங்கிவிட்டதா என்று அழுத்தமானியைப் பாருங்கள்.

5. ட்ரையர் வேண்டுமா?

முச்சக்கரவண்டியும் மோட்டார் சைக்கிளும் பெயின்ட் அடிக்கும் சின்ன இடத்துக்கு, மேலே சொன்ன ஆறவிடும் குழாயும் நல்ல பில்டரும் பெரும்பாலான நாட்களில் போதும். கார்த்திகை, மார்கழியில் மட்டும், கன்னுக்கு முன்னால் சிலிக்கா ஜெல் நிரப்பிய சிறு குப்பி ஒன்றைச் சேர்க்கலாம். நிறம் மாறியதும் 120 பாகை அளவில் சூளையில் உலர்த்தித் திரும்பப் பாவிக்கலாம். முன்னால் தண்ணீர் பிரிப்பான் இல்லாமல் அதைப் பூட்டினால் ஒரு மணித்தியாலம்கூடத் தாங்காது.

ட்ரையர், அதாவது காற்றை உலர்த்தும் இயந்திரம், கட்டாயம் வேண்டியவர்கள் வேறு. கிண்ணியா, தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்து அரிசி ஆலைகளில் கறுப்பு அரிசியைப் பிரிக்கும் கலர் சோர்ட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கமரா கண்டுபிடித்த கெட்ட அரிசியைச் சிறு வால்வுகள் காற்றை ஊதித் தள்ளிவிடும். ஒவ்வொரு வால்வும் ஒரு செக்கனில் நூற்றுக்கணக்கான தடவை திறந்து மூடக்கூடியது. காற்றில் ஈரம் இருந்தால் அது தவிட்டுத் தூளோடு சேர்ந்து பசையாகி நுனியில் ஒட்டும். ஒரு வால்வு பிந்தினால் அந்த நிரையில் கறுப்பு அரிசி நல்லரிசிக்குள் போகும், நல்லரிசி கழிவுக்குள் போகும். ஆலைக்காரர் கமராவைத் துடைப்பார், வேகத்தைக் குறைப்பார், ஆள் கூப்பிடுவார். காற்றுக் குழாயைக் கழற்றி வெள்ளைத் துணியில் ஊதிப் பார்ப்பது கடைசியில்தான்.

இவர்களுக்கு ஏற்றது குளிரூட்டும் ட்ரையர். குளிர்சாதனப் பெட்டியின் வேலையையே இதுவும் செய்கிறது: காற்றை 3 பாகைக்குக் கொண்டுபோய், தண்ணீரைப் பிரித்து, மறுபடி சற்றுச் சூடாக்கி அனுப்பும். நம் கணக்கில் 275 மில்லிலீற்றராக நின்றது இங்கே 50 ஆகும். அதற்குப் பிறகு குழாய் 3 பாகைக்குக் கீழே போனால்தான் தண்ணீர் விழும். திருகோணமலையில் அது நடக்காது.

வாங்கும்போது ஒரு விஷயம். ட்ரையரின் அளவைச் சொல்லும் இலக்கம் பல தயாரிப்பாளர்களிடம் உள்ளே வரும் காற்று 35 பாகை, சுற்றாடல் 25 பாகை என்ற நிலைக்கு உரியது. நம்மூர்ப் பின்னேரத்தில் இரண்டுமே அதைத் தாண்டும். அட்டவணையில் திருத்தக் காரணி என்று ஒரு வரி இருக்கும், அதைக் கேட்டு வாங்கி, ஒரு அளவு பெரிதாகவே எடுங்கள். ட்ரையருக்கு முன்னால் 1 மைக்ரோன், பின்னால் 0.01 மைக்ரோன் என்பது வழக்கமான ஒழுங்கு.

இதையும் தாண்டி, மைனஸ் 40 பாகைக்கு ஆறினாலும் ஈரம் விழாத அளவுக்கு உலர்த்தும் இரட்டைக் கோபுர ட்ரையர்கள் இருக்கின்றன. கோபுரத்துக்குள் ஈரத்தை உறிஞ்சும் மணிகளைத் திரும்பக் காயவைக்க, சூடாக்கி இல்லாத வகை தான் உலர்த்திய காற்றிலேயே 15 முதல் 20 சதவீதம் வரை வெளியே விட்டுவிடும். மருந்து உற்பத்தி, நுண்கருவிகள் போன்றவற்றுக்கு அது தேவை. கராஜுக்கு அது வீண் செலவு.

பெரிய சாமான் வாங்குகிறவர்களிடம் விற்பனையாளர் ஐஎஸ்ஓ 8573-1 (அழுத்திய காற்றின் சுத்தத்துக்கான சர்வதேசத் தரம்) என்று சொல்லி 1.4.1 போல மூன்று இலக்கம் காட்டுவார். முதலாவது தூசு, இரண்டாவது தண்ணீர், மூன்றாவது எண்ணெய். இலக்கம் குறையக் குறையச் சுத்தம் கூடும். தண்ணீரில் 4 என்றால் 3 பாகை வரை ஆறினாலும் தண்ணீர் விழாத காற்று, எண்ணெயில் 1 என்றால் கனமீற்றருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேற்படாதது. நல்ல பெயின்ட் வேலைக்கு 1.4.1 போதும்.

6. எண்ணெய்

தண்ணீரை நிறுத்திய பிறகும் பெயின்டில் சின்னச் சின்னப் பள்ளங்கள், நடுவில் புள்ளியோடு வந்தால் எண்ணெயைச் சந்தேகியுங்கள். பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம், எண்ணெய் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கலாம். வாகன என்ஜின் எண்ணெயைக் கொம்பிரசருக்கு ஊற்றும் பழக்கம் எங்கும் இருக்கிறது. அது சூட்டில் வால்வில் கரியாகப் படியும். கொம்பிரசர் எண்ணெய் என்று தனியாக விற்பதை, கையேட்டில் சொன்ன தரத்தில் ஊற்றுங்கள்.

காற்றைக் குற்றம் சொல்வதற்கு முன் ஒரு சோதனை. கழுவித் துடைத்த முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை எடுத்து, ரெகுலேட்டரை 2 பாரில் வைத்து, ஒரு சாண் தூரத்திலிருந்து ஐந்து நிமிடம் ஊதுங்கள். துளியோ மூட்டமோ படிந்தால் தண்ணீர். காய்ந்த பிறகும் விரல் வைத்தால் வழுக்கும் படலம் இருந்தால் எண்ணெய். கண்ணாடி சுத்தமாக இருக்க, பெயின்டில் மட்டும் பள்ளம் வந்தால், பக்கத்தில் யாரோ டயருக்கோ டாஷ்போர்டுக்கோ சிலிக்கோன் பொலிஷ் அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

பைபர் படகு வேலைக்காரருக்கு இந்தச் சோதனை இன்னும் முக்கியம். ஜெல்கோட்டோடு தண்ணீர் சேர்ந்தால் அன்று கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. படகு கடலில் இறங்கிய பிறகு கொப்புளமாக எழும்பும்.

மூச்சுக்கு அல்ல

எத்தனை பில்டர் பூட்டினாலும் பட்டறைக் காற்றை முகமூடியில் விட்டு மூச்செடுக்கக் கூடாது, சுழியோடிக்கு ஹோஸில் விடவும் கூடாது. என்ஜின் புகையிலுள்ள நச்சு வாயுவான காபனோரொட்சைட்டு இந்தப் பில்டர்களில் எதிலும் நிற்காது, கரிப் பில்டரிலும் நிற்காது. நிலாவெளியில் சுழியோடிகளின் சிலிண்டர் நிரப்பும் கொம்பிரசர்கள் முழுக்க வேறு வகை, அவற்றின் எண்ணெயும் வடிகட்டலும் பரிசோதனையும் வேறு. அதுபோல வேலை முடிந்து உடுப்பிலுள்ள தூசை ஊதிக்கொள்வதும் ஆபத்து. தோலில் சிறு காயம் இருந்தாலே காற்று உள்ளே புகுந்துவிடும்.

பராமரிப்பு

தாங்கியின் அடி வால்வை ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் திறக்க வேண்டும். சீறும் காற்றோடு தண்ணீர் நிற்கும்வரை விடுங்கள், தண்ணீர் நின்ற பிறகு மூடுங்கள். ஓட்டோ ட்ரெயின் (தானாகத் தண்ணீரை வடிக்கும் வால்வு) பூட்டியிருக்கிறோம் என்று மறந்துவிடுகிறவர்கள் அதிகம். துருத்தூள் அடைத்தாலும் கரண்ட் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யாது, எனவே கிழமைக்கொரு தரம் கையால் திறந்து பாருங்கள். உள்ளே இழுக்கும் பில்டரைக் கச்சான் காலத்தில் கிழமைக்கொரு தரம் தட்டி ஊத வேண்டும். மெல்லிய பில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தமானி வைத்து, இரண்டுக்கும் வித்தியாசம் 0.5 பாரைத் தாண்டினால் பில்டரின் உள்ளே இருக்கும் வடிகட்டியை மாற்றுங்கள். மாற்றாமல் கொம்பிரசரின் அழுத்தத்தை ஒரு பார் ஏற்றினால், மின்சாரச் செலவு 7 சதவீதம் அளவுக்குக் கூடும்.

தாங்கி உள்ளே தண்ணீராலும் வெளியே உப்புக்காற்றாலும் தேயும். அடிப்பாகமும் கால் ஒட்டிய இடமும்தான் முதலில் மெலியும். துரு விட்ட தாங்கிக்கு மேல் வெல்டிங் தட்டு ஒட்டிப் பாவிக்கவே வேண்டாம். சோதிப்பதென்றால் தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துத்தான் சோதிக்க வேண்டும், காற்றால் அல்ல. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தில் காற்றுத் தாங்கிகளுக்கென்றே விதிகள் உண்டு. தொழில் திணைக்களத்தில் கேட்டு அதன்படி பரிசோதனை செய்துவையுங்கள்.

வடித்தெடுத்த தண்ணீர் பால் நிறத்தில் இருந்தால் அதில் எண்ணெய் கலந்திருக்கிறது. வாய்க்காலில் விட்டால் அது கடைசியில் குடாவுக்குத்தான் போய்ச் சேரும். மூடியுள்ள பீப்பாய் ஒன்றில் சேர்த்து, கழிவு என்ஜின் எண்ணெய் எடுக்க வருகிறவரிடமே கொடுத்துவிடலாம். ஐப்பசி பிறக்கும் முன் அந்தப் பீப்பாயைக் காலியாக்கிக் கூரைக்குக் கீழே இழுத்து வையுங்கள், மழை விழுந்தால் நிரம்பி வழியும்.